ஒவ்வொருவரும் விட்ட ஒரு நூல்

உருண்டை, நீ சும்மா இரு. நான் பேசிக்கொள்கிறேன்.

அனுப்புநர்
செயற்கைக் கால் கழன்று விழுந்து இறந்த ஃபேன் மெக்கானிக்கின் அக்கா,
விடுதிச் சலவைக் கூடத்தில் துணி மடிப்பவள்,
மாவு மில்லுக்குப் பின்சந்து, மாடிப்படிக்குக் கீழ் வீடு.

பெறுநர்
உயர்திரு தலைமை ஆய்வு அலுவலர் அவர்கள்,
மருத்துவச் சாதனங்கள் தர ஆய்வு அலுவலகம்,
மூன்றாம் மாடி.

பொருள்: என் தம்பியின் அளவுக்கென்றே செய்து கொடுத்த இடது கால் தளர்ந்து கழன்று அவன் இறந்தது – அதற்கு அவனுடைய கவனக்குறைவே காரணம் என்று தங்கள் அலுவலகம் எழுதி மனுவை முடித்தது – அந்த வரியை அடிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய முடிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் முதல் மனுவைத் தங்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எழுதிக் கொடுத்தார். "பணிந்து சமர்ப்பிக்கிறேன்னு போட்டாத்தான்மா மேல போகும்" என்றார். பணிந்தேன். மேலே போனதா என்று தெரியவில்லை, கீழே வந்துவிட்டது. ஆகவே இந்த மனுவை நானே எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

1. இறந்தவன் என் கூடப்பிறந்த தம்பி. வீட்டில் அவனை உருண்டை என்போம். கைக்குழந்தையில் உருண்டையாக இருந்தான். வளர்ந்து குச்சியாகிவிட்டான், பெயர் மட்டும் இளைக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு நானும் அவனும்தான். கடைவீதியில் இரண்டாம் மாடியில் ஒரு கடையில் ஃபேனுக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுவது அவன் வேலை. பார்சல் வண்டி ஒன்று ரிவர்ஸில் வந்து இடித்ததில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கண் விழித்ததும் என்னிடம் அவன் சொன்ன முதல் பேச்சு, "செருப்பு ஒத்தையா விக்கிற கடை எங்கனயாச்சும் இருக்கான்னு பாருக்கா" என்பது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தங்கள் கடிதத்தில் அவனைப் "பயனாளர்" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

2. கால் செய்து கொடுக்கிற கம்பெனிக்கு நானும் அவனும் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சி, மேசைக்குப் பின்னால் ஒரு பெண். சுவரில் பெரிய எழுத்தில் "உலகத்தில் உங்களுக்கு மட்டும்" என்று இருந்தது. ஒரு உளி இல்லை, ஒரு அரம் இல்லை, தரையில் ஒரு தூசி இல்லை. காலை எங்கே செய்வீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு நெட்வொர்க் இருக்கு மேடம்" என்றது அந்தப் பெண். உருண்டை விடுவானா? "அப்ப டவர் கிடைக்காத எடத்துல கால் மடங்கிக்குமா?" என்று கேட்டான். அந்தப் பெண் வாய் விட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லியிருக்கலாம் என்று படுகிறது.

3. வீட்டுக்கே ஒருவர் வந்து அளவு எடுத்தார். மிச்சமிருந்த காலில் ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, காய்ந்ததும் கூடு போல உருவிக்கொண்டு போனார். சில வாரம் கழித்துக் கம்பெனியில் காலை மாட்டிவிட்டார்கள். மேலே பிளாஸ்டிக் கிண்ணம், அதைச் சாக்கெட் என்கிறார்கள், உள்ளே மெத்தை, நடுவில் குழாய், கீழே பாதம், கழலாமல் தொடையில் கட்ட ஒரு வார். வீட்டுக்கு வந்த முதல் வாரமே நடந்தால் சளக் சளக் என்று சத்தம். புதுச் செருப்புக்கும் சத்தம் வரும், பழகினால் சரியாகும் என்று சொல்லிவிட்டான். துவைக்கும் இடத்தில் சாக்ஸ் குவிந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கம்பெனிக்கு அவன் போன் செய்யும்போதெல்லாம் "இன்னொரு சாக்ஸ் சேத்துப் போட்டுக்குங்க சார்" என்றிருக்கிறார்கள். மிச்சக் காலில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கேட்டதற்கு, "எனக்கு எங்கேக்கா கால் வாங்கினோம்? சாக்ஸுக்குத்தான் வாங்கியிருக்கோம்" என்று சிரித்தான்.

4. பிறகு நானே கம்பெனிக்குப் பேசினேன். ஒரு ஆண் குரல். மிச்சக் கால் நாள்பட நாள்பட இளைக்கும், அது எல்லாருக்கும் உள்ளது என்றார். இளைக்கும் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. முதல் வாரத்திலேயே ஆடியதே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க தம்பி கால்தாம்மா மாறியிருக்கு. எங்க கால் மாறல. வேணும்னா புதுசா ஆர்டர் போடுங்க."

5. ஒரு மத்தியானம் பழுது பார்த்த ஸ்டாண்டு ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியிருக்கிறான். படி திரும்பும் இடத்தில் கால் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டு கழன்றுவிட்டது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்தான் முதலில் பார்த்தவர். "கால் படியிலேயே நின்னுதும்மா. ஷூ லேஸ்கூட அவுரல. அவன்தான் கீழ கெடந்தான்" என்றார். தலையில் அடி. நான் சலவைக் கூடத்திலிருந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சட்டை, பேன்ட், சாக்ஸ் எல்லாம் ரத்தமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே எரிக்கப் போட்டுவிட்டார்கள். காலை மட்டும் ஒரு கவரில் கொடுத்தார்கள். அதில் ஒரு கீறல் இல்லை.

6. இப்போது தங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதல் வாக்கியம்: "ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த மூன்று மாதிரிகள் சமர்ப்பிக்கப்படாததால் ஆய்வு மேற்கொள்ள இயலவில்லை." இரண்டாவது வாக்கியம்: "உரிய எண்ணிக்கையில் காலுறை அணியாத பயனாளரின் கவனக்குறைவே நிகழ்வுக்குக் காரணம் எனத் தெரியவருவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது."

ஐயா, ஆய்வே செய்யவில்லை என்று முதல் வாக்கியம் சொல்கிறது. பிறகு இரண்டாவது வாக்கியத்துக்கு எப்படித் தெரியவந்தது? கனவில் வந்து யாராவது சொன்னார்களா? காலைப் பார்க்க மூன்று கால் வேண்டும். செத்தவன் மேல் பழி போட ஒன்றுமே வேண்டாமா?

7. மூன்று மாதிரி பற்றித் தங்கள் எழுத்தரைக் கேட்டேன். "ஊசியோ கையுறையோ எதா இருந்தாலும் ஒரே லாட்ல மூணு பீஸ் எடுத்துத்தாம்மா டெஸ்ட் பண்ணுவோம். அதான் ரூல்" என்றார். இது ஒருவனுக்கென்றே செய்த கால், இதே போல இன்னொன்று கிடையாது, சுவரில் எழுதிப் போட்டே விற்கிறார்கள் என்றேன். "அப்ப லாட்டே ஒண்ணுதானா?" என்று யோசித்தார். யோசித்துவிட்டு, "அப்ப டெஸ்ட் பண்ண முடியாது" என்றார்.

அதாவது, ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி கால் செய்து விற்று அதில் ஒருவன் செத்திருந்தால் தாங்கள் பார்ப்பீர்கள். ஒருவனுக்கு மட்டும் செய்து அந்த ஒருவனே செத்துவிட்டால் பார்க்க வழியில்லை. கம்பெனிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? என் தம்பிக்கு இருந்ததே ஒரு இடது கால். இன்னும் இரண்டை நான் எங்கே போய்ப் பெற்று வருவது?

8. தங்கள் வரி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தங்களுக்குத் தெரியாது. தங்கள் கடிதம் வந்த சில நாளில் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னொரு சாக்ஸ் போட்டிருந்தா புள்ள பொழச்சிருக்குமேடி" என்றாள். அவளுக்கு யார் சொன்னது? கம்பெனி சொன்னது. அவள் கொழுந்தனாருக்கு அதே கம்பெனியில் கால் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஒருவர் விழுந்தாராமே என்று கேட்டதற்கு, "அவரு சொன்னபடி போடல, கவர்ன்மென்டே எழுதிக் குடுத்திருக்கு" என்று தங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஐயா, தங்கள் கையெழுத்தை வைத்து அடுத்த காலை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். என் தம்பி வாழ்நாளெல்லாம் மின்சாரத்தில் கை வைத்துப் பிழைத்தவன். ஒரு தடவை ஷாக் வாங்கியதில்லை. அவனைக் கவனம் இல்லாதவன் என்று ஊரெல்லாம் பேசுகிறது.

9. விசாரித்திருக்க வேண்டியது தாங்கள். விசாரித்தது நான், வாரத்தில் கிடைக்கிற ஒற்றை விடுமுறையில், காலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு. அளவு எடுத்தவர் சாவுக்கு வந்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்தது அவர் ஒருவர்தான். அவரைப் பிடித்துக் கேட்டேன். "நான் கட்டுப் போட்டு அளவு எடுத்து மோல்டுக்காரர்கிட்ட குடுப்பேன்கா. அதுக்கப்புறம் எங்க போவுதுன்னு எனக்கே தெரியாது" என்றார். அதற்குப் பெயர்தான் நெட்வொர்க் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அளவுக் கூட்டுக்குள் மாவை ஊற்றி மாவுக்கால் வார்க்கிறவர்தான் மோல்டுக்காரர், அவர் பிளாஸ்டிக் போடுகிறவர்களைக் காட்டினார். அவர்கள் மெத்தை ஒட்டுகிறவரைக் காட்டினார்கள். அங்கிருந்து கோர்த்து முடிக்கிறவரிடம் போனேன். ஆளுக்கு ஒரு மூலை. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் பைக்கில் வருகிற ஒருவன் பொட்டலத்தை வாங்கிப் போய்க் கொடுக்கிறான், அவ்வளவுதான் அவர்களுக்குள் உறவு.

10. பிளாஸ்டிக் போடுகிறவர்கள் அக்கா தங்கை இரண்டு பேர். கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ரொட்டி அடுப்பு போல ஒன்றில் பிளாஸ்டிக் தகட்டை வாட்டி, அது துவண்டதும் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, மாவில் செய்த கால் மேல் போர்த்துகிறார்கள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. நான் பையிலிருந்து காலை எடுத்து மேசையில் வைத்தேன். தங்கைக்காரி வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். "அக்கா, இங்க பாரேன். முழுசா இப்படித்தான் இருக்குமா?" என்றாள். ஆறு வருடமாகச் சாக்கெட் செய்கிறாளாம். ஐயா, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே ஏதாவது செய்திருப்பேன். ஆனால் அவள் முகத்தில் வஞ்சனை இல்லை. கோயில் கோபுரத்தை முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

இது தளர்ந்துதான் என் தம்பி செத்தான் என்றேன். பெரியவள் ஒளிக்கவில்லை. "நாங்க மோல்டு மேல ஒரு சாக்ஸ் மாட்டித்தான் பிளாஸ்டிக் போடுவோம்மா. ஒரு நூல் விட்டுக்குவோம். இறுக்கமா போச்சுன்னா மாட்ட முடியலன்னு எங்க தலையில திருப்பிக் கட்டிருவாங்க. மறுபடியும் முதல்லேருந்து செய்யணும். தளர்வா போச்சுன்னா ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. சாக்ஸ் போட்டுக்கச் சொல்லிருவாங்க" என்றாள். ஒரு நூல் என்பது தீக்குச்சியின் கனத்தைவிடக் கொஞ்சம் கூட. ஒரு நூல் தளர்ந்தால் ஆள் சாவானா என்றும் என்னைக் கேட்டாள். சாக மாட்டான் என்றேன். அது உண்மைதான்.

11. ஆனால் அளவு எடுத்தவரும் ஒரு நூல் விட்டிருக்கிறார். பேஷன்ட்டுக்கு இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று கட்டுக்கு அடியில் தடித்த துணி வைத்துச் சுற்றியிருக்கிறார். மோல்டுக்காரர் மாவுக்கால் மேல் இன்னும் ஒரு பூச்சு பூசித் தேய்த்திருக்கிறார், அதுவும் ஒரு நூல். மெத்தைக்காரர் ஷட்டரைத் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்தே, "மெத்தையத் தேச்சு மெலிசாக்கித்தான் அனுப்புவோம். எல்லாருக்கும் அப்படித்தான். போங்கம்மா, கம்பெனியக் கேளுங்க" என்று கத்தினார். கோர்த்து முடிக்கிறவர் தொடை வாரில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக் கொடுத்ததை அவர் வாயாலேயே சொன்னார். எல்லாருக்கும் ஒரே பயம், தன்னிடம் திரும்பி வந்துவிடக் கூடாது. அடுத்தவன் விடுவது எவனுக்கும் தெரியாது. "நான் விடுறது எனக்குத் தெரியும். இன்னொருத்தன் விடுறது எனக்கெப்படிம்மா தெரியும்? யாரு சொல்லணும்? கம்பெனிதான சொல்லணும்?" என்று மோல்டுக்காரர் என்னிடமே கேட்டார்.

யாராவது ஒருவரைப் பிடித்துச் சட்டையை உலுக்க வேண்டும் என்றுதான் நான் கிளம்பினேன். உலுக்க ஆள் அகப்படவில்லை. ஆளுக்கு ஒரு நூல்தான் அகப்பட்டது. ஐந்து இடத்தில் ஆளுக்கு ஒரு நூல் விட்ட இடைவெளியில்தான் என் தம்பி நடந்துகொண்டிருந்தான். அந்த ஐந்தையும் கூட்டிப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர்ச்சியாக உட்கார்ந்து சாக்ஸ் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

12. மோல்டுக்காரர் கொட்டகையில் பலகை பலகையாக மாவுக்கால்கள் நிற்கின்றன. திரும்ப ஆர்டர் வந்தால் உதவும் என்று கொஞ்ச காலம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நடுப்பலகையில் என் தம்பியின் கால் இருந்தது. அவர் காட்டவில்லை, நானே கண்டுபிடித்தேன். சின்னதில் தகரத்தில் ஏறி விழுந்து முட்டிக்குக் கீழே கிழித்துக்கொண்டான். என் பாவாடையைக் கிழித்துக் கட்டுப் போட்டது நான்தான். அந்தத் தழும்பு பல்லி படுத்திருப்பது போல இருக்கும். தடித்த துணிக்கு மேலேயும், பூசித் தேய்த்த பூச்சுக்கு மேலேயும் அது மங்கலாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். அவர் அதைச் சிமென்ட் பையில் சுற்றிக் கொடுத்தார். "எங்கிட்ட வாங்கினதா சொல்லாதீங்கம்மா" என்றார். நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை.

13. வீட்டுக்கு வந்து மாவுக்காலைச் சாக்கெட்டுக்குள் வைத்தேன். உள்ளே அது சுற்றுகிறது. கையால் தள்ள வேண்டியதுகூட இல்லை, சாய்த்தால் தானாகவே திரும்புகிறது. தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். அந்த மாவுக்காலிலேயே முதல் இரண்டு பேர் விட்ட நூல் சேர்ந்திருக்கிறது. அதாவது அது என் தம்பியின் காலைவிடப் பருமன். அதுவே உள்ளே சுற்றுகிறது என்றால் அவன் கால் எப்படி நின்றிருக்கும்? எத்தனை சாக்ஸ் என்பது உரிய எண்ணிக்கை? தங்கள் கடிதத்தில் அந்த எண்ணிக்கை எழுதப்படவில்லை. கம்பெனியிடம் கேட்டேன், அவர்களும் சொல்லவில்லை. எவருக்கும் தெரியாத எண்ணிக்கையை என் தம்பி மட்டும் தெரிந்து போட்டிருக்க வேண்டும், அப்படித்தானே?

14. இரண்டையும் தூக்கிக்கொண்டு தங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தேன். எழுத்தர் மாவுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க தம்பி கால்தான்னு யாரும்மா சர்டிஃபை பண்றது?" என்றார். தழும்பைக் காட்டினேன். "தழும்பு ரெக்கார்டுல இருக்கா?" என்றார். அவன் உடம்பில் இருந்தது என்றேன். காலை மட்டும் கம்பெனியில் ஒப்படைத்துவிடுங்கள், அவர்களே பரிசோதித்து அறிக்கை அனுப்புவார்கள் என்று கடைசியில் சொன்னார். கம்பெனியிலிருந்தும் காலைத் திருப்பித் தரச் சொல்லித் தினமும் போன் வருகிறது. கொடுக்க மாட்டேன். இந்த மனுவின் மூலம் தங்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்: கொடுக்க மாட்டேன். உயிரோடு இருந்தபோது சளக் சளக் என்கிறது என்று அவன் கெஞ்சினான், அப்போது ஒருவருக்கும் அதைப் பார்க்க நேரமில்லை. இப்போது மட்டும் அதன் மேல் என்ன பாசம்?

15. கடைசியாக ஒன்று. கம்பெனி தங்களிடம் ஒரு வீடியோ கொடுத்திருக்கிறது. எழுத்தர் அதை எனக்கும் போட்டுக் காட்டினார், இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்கிற முகத்தோடு. காலை மாட்டிய அன்றைக்கு எடுத்தது. என் தம்பி எழுந்து நிற்கிறான். இரண்டு எட்டு வைக்கிறான். எப்படி இருக்கிறது என்று படம் எடுக்கும் அந்த மேசைப் பெண் கேட்கிறது. "சரியா இருக்கு. எனக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறான். வாடிக்கையாளரே திருப்தி தெரிவித்து வாங்கிக்கொண்டார் என்பது அவர்கள் வாதம்.

அந்த வீடியோவில் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். படம் எடுத்த பெண்ணுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் இரண்டு காலில் நின்றதைப் பார்த்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான், அதுவும் சந்தோஷத்தில். ஒரு மனிதன் முதல் தடவை நிற்கும்போது வாயால் சொன்னதை வைத்தா அளவு சரி என்று முடிவு செய்வது? அளவு பார்க்கத்தானே கம்பெனி? அவன் ஃபேன் மெக்கானிக். ஓடுகிற ஃபேனைப் பார்த்து நன்றாக ஓடுகிறது என்று அந்தப் பெண் சொன்னால், உள்ளே காயில் எரிந்ததற்கு அவள் பொறுப்பு என்று அவன் எழுதிக் கொடுத்திருப்பானா?

16. ஆகவே ஐயா, நான் கேட்பது அதிகமில்லை. நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. தங்கள் கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்தை அடிக்க வேண்டும். அடித்ததை எனக்கும், கம்பெனிக்கும், அந்தக் கடிதத்தை யார் யாருக்குக் காட்டினார்களோ அவர்களுக்கும் தெரியும்படி எழுத வேண்டும்.

அப்படிச் செய்ய ஆதாரம் வேண்டும் என்றால் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். அந்த ஐந்து இடத்துக்காரர்களையும், கம்பெனிக்காரரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். அவர்கள் இதுவரை ஓர் அறையில் இருந்ததில்லை. நான் காலையும் மாவுக்காலையும் கொண்டு வருகிறேன், முடிந்ததும் திரும்ப எடுத்துப் போவேன். ஒவ்வொருவரும் தான் எவ்வளவு விட்டேன் என்று மற்றவர் காதில் விழும்படிச் சொல்லட்டும். பிறகு தாங்களே தங்கள் கையால் மாவுக்காலை உள்ளே வைத்துச் சாய்த்துப் பாருங்கள். மூன்று மாதிரி தேவைப்படாது. அதற்குப் பிறகும் கவனக்குறைவு யாருடையது என்று தங்களுக்குத் தெரியவராவிட்டால், என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரியின் கொழுந்தனாருக்கு இன்னும் கால் வரவில்லை. இப்போது அது அந்த ஐந்து இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். யாரோ ஒரு நூல் விட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் சீக்கிரம் என்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கொடுங்கள், அதற்கு மேலே யாரிடம் போவது என்று வாசலில் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். தாங்கள் ஏறி இறங்கும்போது பார்த்துப் போகவும். என் மடியில் கால் இருக்கும்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
உருண்டையின் அக்கா
(கையொப்பம்)

உருண்டை, அன்றைக்கு "சரியா இருக்கு" என்றாயே, அது உனக்கு நிஜமாகவே சரியாக இருந்து சொன்னதா, இல்லை என் அழுகையைப் பார்த்துவிட்டுச் சொன்னதா?